முக்கால் குடம்: வாசகர் கேள்வி பதில்

கல்யாணமான பிறகு எழுதும் காதல் பாட்டைப் பற்றி போன இதழில் நாலு பத்தி எழுதினேன், என்னுடைய 'முக்கால் குடம்' பாட்டையும் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் வீட்டுச் சண்டை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இந்தத் தடவை இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று நிறைய பேர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

*

கேள்வி: எனக்கு 34 வயது. ஓஎம்ஆரில் ஐடி வேலை, சனி ஞாயிறில் நண்பர்களோடு சின்னதாக ஒரு பேண்ட். காதல் கல்யாணம், ஆறு வருஷம் ஆகிறது, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. வாரத்தில் நாலு நாள் சண்டை. கல்யாணத்துக்கு முன்னால் மனைவிக்காக இருபது பாட்டாவது எழுதியிருப்பேன், இப்போது கேட்டால் எனக்கே எதுவும் தோன்றவில்லை. போன மாதம் ஒரு பெரிய சண்டை முடிந்து ஒரே ராத்திரியில் ஒரு பாட்டு எழுதினேன். நீ எழுதியதிலேயே இதுதான்டா உண்மையான காதல் பாட்டு என்கிறார்கள் நண்பர்கள். மனைவி கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுச் சண்டையை எதுக்கு ஊருக்குப் பாடிக் காட்டறே?" என்று மட்டும் கேட்டாள். யார் சொல்வது சரி? (பெரம்பூர்)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய வரிகளை ஏழெட்டு தடவை படித்தேன். பழைய பாட்டு இரண்டையும் படித்தேன். பழசில் நிலா இருக்கிறது, மின்னல் இருக்கிறது, மெரினா மணல் இருக்கிறது, உங்கள் மனைவி இல்லை. அது உங்கள் குற்றமில்லை, அப்போது அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? அந்த நிலாவை எந்தப் பெண்ணின் பெயரோடும் சேர்த்துப் பாடலாம். புதுப் பாட்டில் ஒரு இடம் வருகிறதே, உங்களோடு பேசாமல் இருக்கும் மனைவி குழந்தையைக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட சொல்லு, சாம்பார் சூடா இருக்குன்னு" என்று சொல்வதும், ஓர் அடி தள்ளி நிற்கும் உங்கள் காதில் அது விழுந்திருந்தும், குழந்தை ஓடி வந்து மழலையில் அதையே மறுபடி சொல்லும் வரைக்கும் நீங்கள் அசையாமல் நிற்பதும். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வரி உங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கிருந்தும் வந்திருக்காது. உங்கள் நண்பர்கள் உண்மை என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இது நமக்குப் புதுசும் இல்லை. நம் அகப்பாட்டின் ஐந்து திணையில் வயலும் குளமும் வீடும் உள்ள மருதத்துக்கு முன்னோர் கொடுத்தது ஊடல். கல்யாணமாகி, நெல் விளைந்து, பிள்ளை பிறந்து எல்லாம் அமைந்த இடத்தில்தான் சண்டைப் பாட்டு. குறுந்தொகையில் 196ஆவது பாட்டு, மிளைக் கந்தன் எழுதியது. பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வந்து வாசலில் நிற்கும் கணவனிடம் தோழி சொல்கிறாள்: முன்னெல்லாம் என் தோழி வேப்பங்காயைக் கொடுத்தாலும் வெல்லக்கட்டி என்றீர்கள், இப்போது பாரியின் பறம்பு மலைச் சுனைத் தண்ணீரை, அதுவும் தை மாசத்தில் சில்லென்று கொடுத்தாலும் சுடுகிறது, உப்புக் கரிக்கிறது என்கிறீர்கள், உங்கள் அன்பு அவ்வளவுதான். ஆறே அடி. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் நடந்தது என்ன என்று பாட்டு சொல்லவே இல்லை, ஒரு வேப்பங்காயும் ஒரு வாய் தண்ணீரும் சொல்லிவிடுகின்றன. கோபம் இருக்கிறது, ஆனால் ஒரு வசவு இல்லை.

என் 'முக்கால் குடம்' கதையையும் சொல்கிறேன், நீங்கள் மட்டுமல்ல, பலபேர் கேட்டிருக்கிறார்கள். 2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு சென்னை முழுக்க லாரித் தண்ணிக்குக் காத்துக் கிடந்த ஜூன் மாதம். அந்த மாதம் எனக்கும் என் கணவருக்கும் பேச்சே இல்லை. என்னைக் கேட்காமல் என் சங்கிலியை அடகு வைத்து அவர் தம்பிக்குப் பணம் கொடுத்திருந்தார், அது எனக்கு அடகுக் கடைச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. பதினோரு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தெருவுக்கு லாரி ராத்திரி இரண்டு, இரண்டரைக்கு வரும். நாங்கள் இரண்டாவது மாடி. அவர் கீழே வரிசையில் நின்று பிடிப்பார், பாதி மாடி ஏறி வந்து என்னிடம் கொடுப்பார், நான் மேலே கொண்டு போய் டிரம்மில் ஊற்றிவிட்டு காலிக் குடத்தோடு இறங்குவேன். முகத்தைப் பார்க்காமல் குடத்தை மட்டும் மாற்றிக்கொள்வோம். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ கவனித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் குடமெல்லாம் ததும்பத் ததும்ப ஏறுகிறது, என் கைக்கு வரும் பச்சைக் குடம் மட்டும் முக்கால்தான் இருக்கிறது. ஒரு குடம் தண்ணிக்கு அடிதடி நடந்த ராத்திரிகள் அவை. அந்த நேரத்தில் ஒரு மனுஷன் எனக்கென்று கால் குடத்தைக் குறைத்துப் பிடிக்கிறார், அந்தக் காலை ஈடுகட்ட இன்னும் இரண்டு நடை கூட நடக்கிறார். எனக்கு வலது மணிக்கட்டில் அப்போது வலி இருந்தது. சங்கிலிக் கோபம் துளியும் குறையவில்லை. ஆனால் அந்தக் குடத்தை வாங்கிக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டேன்.

பாட்டின் முதல் சரணத்தில் அடகுக் கடைச் சீட்டு வருகிறது, இரண்டாவதில் குடம். சீட்டை எடுத்துவிட்டால் அது நல்ல கணவனுக்குப் பாடும் துதிப்பாட்டு ஆகிவிடும், குடத்தை எடுத்துவிட்டால் புகார் மனு. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் நடந்தது என்பதுதான் எனக்குச் சொல்ல இருந்தது. சண்டையே பாட்டைத் தந்துவிடாது, தம்பி. பேச்சு நின்று போகும்போது கண்ணும் காதும் கூர்மையாகிவிடுகின்றன, அதைத்தான் சண்டை நமக்குச் செய்கிறது. சமாதானமாக இருக்கும் நாளில் குடம் முக்காலா முழுசா என்று யார் பார்க்கிறார்கள்?

சரி, உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். உங்கள் பாட்டில் முதல் சரணம் முழுக்க அவர் செய்வது: கதவை அறைந்து சாத்துகிறார், போனைத் திருப்பி வைக்கிறார், பழசைக் கிளறுகிறார். நீங்கள் செய்தது ஒன்றுகூட இல்லை. ஒரு கையால் ஓசை வந்ததா? மேடையில் மைக் உங்கள் கையில். அவர் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும், தோழிகள் திரும்பிப் பார்ப்பார்கள், அவர் பதில் பாட முடியாது. அவர் கேட்டது இதைத்தான்.

ஃப்ளீட்வுட் மேக் என்ற குழுவை உங்கள் பேண்ட் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 1977இல் வந்த அவர்களுடைய 'ரூமர்ஸ்' ஆல்பம் தயாரான காலத்தில் குழுவிலிருந்த ஜான், கிறிஸ்டின் மெக்வீ தம்பதி பிரிந்துகொண்டிருந்தார்கள், கல்யாணம் செய்துகொள்ளாமல் பல வருஷம் சேர்ந்திருந்த லிண்ட்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் ஜோடியும் பிரிந்துகொண்டிருந்தது. ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய பாட்டை அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார்கள், உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. எல்லோரும் அந்த ஆல்பத்தின் நேர்மையைப் பேசுவார்கள். நான் இன்னொன்றையும் பேசுவேன். பக்கிங்ஹாம் எழுதிய ஒரு பாட்டில் தன்னைப் பற்றி வரும் ஒரு வரி உண்மையில்லை, எடுத்துவிடு என்று ஸ்டீவி நிக்ஸ் கேட்டார். அவர் எடுக்கவில்லை. அதே பாட்டுக்கு ஸ்டீவி பின்குரல் பாட வேண்டியிருந்தது, அப்புறம் வருஷக்கணக்கில் மேடை மேடையாக அந்த வரி போகும்போது பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. பாட்டு நல்ல பாட்டுதான். அந்த ஒரு வரி எனக்கு இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிறது.

அதனால் ஒன்று செய்யுங்கள். மேடைக்கு முன்னால் உங்கள் வீட்டுக் கூடத்தில், குழந்தை தூங்கினதும், கிடாரைக்கூட எடுக்காமல் வெறும் வரியாகப் படித்துக் காட்டுங்கள். எது பொய், எது பொதுவில் வரக்கூடாது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் எடு என்றால் எடுத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். முதல் சரணத்தில் உங்கள் பங்கு இரண்டு வரியாவது வரட்டும், அந்தச் சண்டைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில்கூட எழுதவில்லை பாருங்கள். அப்புறம் ஒரு மாதம் ஆறப் போடுங்கள். வள்ளுவர் ஊடலை உப்பு என்றார், அளவோடு இருக்கிற வரைக்கும் ருசி, கொஞ்சம் நீண்டாலும் உப்புக் கூடின மாதிரி. உங்கள் பாட்டிலும் முதல் சரணத்தில் ஒரு கை கூடிவிட்டது, மற்றபடி அந்த சாம்பார் வரியை யார் சொன்னாலும் தொடாதீர்கள், உங்கள் மனைவியைத் தவிர.

*

கேள்வி: சண்டை போட்டால்தான் நல்ல பாட்டு வரும் என்று சொல்கிறீர்களா? நானும் என் கணவரும் இருபத்திரண்டு வருஷமாக நிம்மதியாக இருக்கிறோம். நானும் ஏதோ எழுதுவேன். (அண்ணா நகர்)

பதில்: இல்லவே இல்லை அம்மா. குறுந்தொகையிலேயே 167ஆவது பாட்டைப் பாருங்கள், கூடலூர் கிழார் எழுதியது. புதுசாகக் குடித்தனம் வந்த பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள், அந்த விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது, தானே துழாவிச் சமைத்த புளிப்பாகர் என்ற குழம்பைக் கணவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிடுகிறான், அவள் முகம் லேசாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. சண்டையும் இல்லை, பிரிவும் இல்லை. கழுவாத புடவையும் தாளிப்புப் புகையும் இருக்கின்றன. உங்கள் இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி எத்தனை இருக்கும், எழுதி அனுப்புங்கள், நான் ஆசையாகப் படிப்பேன். பாட்டுக்காகச் சண்டையை வரவழைத்துக்கொள்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் எழுதியது எதுவும் என் மனசில் நிற்கவில்லை.

*

கேள்வி: என் கணவர் கோபத்தில் கை ஓங்குவார், இரண்டு தடவை அடித்தும் இருக்கிறார். அப்புறம் அழுதுகொண்டே எனக்காகப் பாட்டுப் பாடுவார், நன்றாகப் பாடுவார், நானும் இளகிவிடுவேன். இதுவும் ஊடல்தானா? (ஊர் வேண்டாம்)

பதில்: இல்லை. ஊடலில் கோபித்துக்கொள்கிறவருக்குப் பயம் இருக்காது, எதிராளி வந்து சமாதானம் செய்வார் என்ற உரிமையில் வரும் கோபம் அது. நீங்கள் எழுதியிருப்பதில் பயம் இருக்கிறது. அடிக்குப் பிறகு வரும் பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதைக் காதல் பாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த அடி வரைக்கும் உங்களை அந்த வீட்டில் உட்கார வைக்கத்தான் அது உதவும். 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எனக்கும் மறுபடி எழுதுங்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

*

கேள்வி: என் கணவர் மேடைக் கச்சேரிகளில் பாடுகிறவர். எனக்குத் தெரியாமல் ஒரு பெரிய தப்புப் பண்ணிவிட்டார் (என்ன என்று கேட்காதீர்கள்). அப்புறம் எனக்காகவே ஒரு பாட்டு எழுதிப் பாடினார், எல்லோரும் கண் கலங்கினார்கள். ஆனால் 'தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடு' என்று இன்று வரை நேரில் சொல்லவில்லை. பாட்டையே மன்னிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? (திருவொற்றியூர்)

பதில்: வேண்டாம். உங்கள் ஊரிலிருந்தே பதில் சொல்கிறேன் தங்கச்சி. உங்கள் கோயில் மகிழ மரத்தடியில்தான் தேவாரம் பாடிய சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தார், உன்னை விட்டுப் போக மாட்டேன் என்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்த்திருப்பீர்கள். திருவாரூரில் பரவையார் ஏற்கனவே மனைவி. வசந்த காலம் வந்ததும் ஆரூர் ஞாபகம் வந்து ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. அதன்பிறகு அவர் பாடிய பாட்டெல்லாம் கெஞ்சலும் கோபமும்தான். காஞ்சிபுரத்தில் ஒரு கண், ஆரூரில் இன்னொரு கண். அந்த ஆரூர்ப் பதிகத்தில் சாமியையே, நீங்கள் நன்றாயிருங்கள் என்ற தொனியில் 'வாழ்ந்து போதீரே' என்று கேட்கிறார், நம் வீட்டில் கோபத்தில் சொல்லும் அதே 'நல்லா இரு'.

பாட்டுக்குக் கண் திரும்பி வந்தது. ஆனால் பரவையார் வீட்டுக் கதவு பாட்டுக்குத் திறக்கவில்லை. சங்கிலியார் விஷயம் தெரிந்து அவர் உள்ளே விடவே மாட்டேன் என்றுவிட்டார். சிவனே ராத்திரியில் தெருவில் நடந்து போய்ச் சமாதானம் பேச வேண்டியிருந்தது, அதுவும் ஒரு தடவை போதவில்லை, இரண்டு தடவை. அவ்வளவு பெரிய பாட்டுக்காரர் வீட்டிலேயே ஒருவர் வாசல் வரைக்கும் நடந்து போய், சாதாரண வார்த்தையில் கேட்க வேண்டியிருந்தது என்றால் உங்கள் வீட்டுக்காரர் சமையலறை வரைக்கும் நடந்து வரலாம். பாட்டில் 'கண்ணே' என்று ஆயிரம் பேர் முன்னால் சொல்வது அவருக்குத் தொழில், அது அவருக்கு வரும். நாலு சுவருக்குள் 'தப்பு என்னுது' என்பதுதான் வராது. அதைக் கேட்டு வாங்குங்கள். சங்கிலியாருக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கதை படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அவர் பக்கத்திலிருந்து பாடின ஒரு பாட்டு நமக்கு இல்லையே என்று மனசு கஷ்டப்படும்.

*

கேள்வி: அக்கா, நான் பாட்டெழுத வாய்ப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, காதலும் இல்லை. மெட்டைக் கொடுத்து 'கணவன் மனைவி சண்டை, ஆனா லவ் தெரியணும்' என்கிறார்கள். வாழாததை எப்படி உண்மையாக எழுதுவது? (வடபழனி)

பதில்: உங்கள் அப்பா அம்மா சண்டை போட்டு நீங்கள் கேட்டதே இல்லையா? அங்கிருந்து ஆரம்பியுங்கள். பெரிய வார்த்தை தேடாதீர்கள், 'இதயம்', 'உயிர்', 'வலி' மூன்றையும் ஒரு மாதம் பூட்டி வையுங்கள். சண்டை நடக்கும் வீட்டில் உண்மையில் எந்த வார்த்தை புழங்குகிறது என்று பாருங்கள். "என்னாச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று வருமே, அந்த ஒண்ணுமில்லவுக்குள் எவ்வளவு இருக்கிறது! அதைப் பல்லவியில் வையுங்கள். தன்னதன்ன என்று அழகாக உட்காரும், ஒவ்வொரு சரணம் முடிந்து அதே வார்த்தைக்குத் திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் வேறு அர்த்தம் கொடுக்கலாம். முதலில் கோபம், அடுத்தது அலுப்பு, கடைசியில் நிஜமாகவே ஒன்றுமில்லை.

குறளில் கடைசி மூன்று அதிகாரத்தையும் படித்துவிடுங்கள், புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. அதில் ஒரு தும்மல் வரும். அவன் தும்முகிறான், அவள் வழக்கப்படி வாழ்த்துகிறாள், வாழ்த்தின வாயாலேயே 'யார் உங்களை நினைத்ததால் தும்மினீர்கள்?' என்று அழுகிறாள். அடுத்த குறளில் தும்மலை அடக்குகிறான், அதற்கும் அழுகை, யார் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்கள் என்று. எதைச் செய்தாலும் மாட்டிக்கொள்கிற அந்த மனுஷனையும் பாவம் என்று தோன்ற வைக்கிறார், சந்தேகப்படும் அந்தப் பெண்ணையும் வெறுக்க விடவில்லை. பதங்களும் கேளுங்கள், பரதநாட்டியத்தில் அபிநயத்துக்குப் பாடும் காதல் பாட்டுகள். உசேனி ராகத்தில் சுப்பராமய்யர் பதம் ஒன்று, 'நேற்றந்தி நேரத்திலே' என்று தொடங்குகிறது. எடுத்த எடுப்பிலேயே பொழுது சொல்லியாகிவிட்டது, அடுத்தது குளிக்கும் கரை. கையும் களவுமாகப் பிடித்தவள் அப்படித்தான் பேசுவாள், பொழுதும் இடமும் சொல்லி. உங்கள் பாட்டிலும் மெட்டு இடம் கொடுக்கிற வரைக்கும் எத்தனை மணி, எந்த அறை, கையில் என்ன இருந்தது என்று எழுதிப் பாருங்கள்.

*

கேள்வி: 'முக்கால் குடம்' பாட்டை உங்கள் வீட்டுக்காரர் கேட்டாரா? என்ன சொன்னார்? (திருவல்லிக்கேணி)

பதில்: கேட்டார். சங்கிலியை மீட்டுக் கொண்டு வந்து கொடுத்த பிறகுதான் பாடிக் காட்டினேன், எட்டு மாதம் ஆகியிருந்தது. அடகுச் சீட்டு வரும் இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார், எடு என்று சொல்லவில்லை. குடம் வரும் சரணத்தில் 'வலிக்கும் கைக்கென்று முக்கால் தந்தாய்' என்று எழுதியிருந்தேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "உனக்குக் கை வலின்னு எனக்கு அப்போ தெரியாதே" என்றார். நாங்கள்தான் பேசிக்கொள்ளவில்லையே, எப்படித் தெரியும்? "படியில லைட் இல்ல, ரொம்பினா தண்ணி சிந்தும், நீ வழுக்கி விழுந்துடுவேன்னு குறைச்சுப் பிடிச்சேன்."

மறுநாள் உட்கார்ந்து அந்த வரியை 'வழுக்கும் படிக்கென்று' என்று மாற்றினேன். ஒரு குறில் கூடிவிட்டது, அந்த இடத்தில் மெட்டை லேசாக இழுத்துத்தான் பாட வேண்டியிருக்கிறது. அப்படியே பாடுகிறேன்.